ஜப்பானிய மொழித் தேர்வுக்கு ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலைகள்; நடுவில் இருப்பது என்-3. அதை முதல் முறை எழுதியபோது நான் வாங்கியது 98 மதிப்பெண். 180-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. ஆனாலும் தோற்றேன். மொத்தம் மட்டும் போதாது, மூன்று பிரிவுகளிலும் தலா 60-க்குக் குறைந்தது 19 எடுத்தாக வேண்டும். சொல்லும் இலக்கணமும் 40, கேட்டல் 41, வாசிப்பு 17. இரண்டு மதிப்பெண்ணில் ஆறு மாத உழைப்பு போயிற்று. ஜூலையில் விட்டதை டிசம்பரில்தான் பிடிக்க முடியும்.

எனக்கு அப்போது 44 வயது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வரைபடக் குறிப்புகளும் புகார் அறிக்கைகளும் ஜப்பானிய மொழியில்தான் வரும். அதனால் நான் படித்ததெல்லாம் தொழில்நுட்பப் பக்கங்களும் பயிற்சி நூல்களும். ஒரு வாக்கியத்தைப் பிரித்து அலசத் தெரியும். ஒரு பக்கத்தை ஓட்டமாக வாசிக்கத் தெரியாது. தேர்வில் இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்துக் கொடுப்பது 70 நிமிடம். கடைசி இரண்டு பத்திகளை நான் தொடவே இல்லை.

எங்கள் பிரிவில் இருந்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர் நாடு திரும்பும்போது மூன்று புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளி மாணவிகளுக்கான ஷோஜோ மாங்கா, அதாவது படக்கதை. “இதைப் படியுங்கள், வாசிப்பு தானாக வரும்” என்றார். பார்த்தவுடனே பள்ளிக்கூடக் காதல் கதை என்று தெரியும் அட்டை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். ஐந்து வாரம் அங்கேயே கிடந்தது. பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருக்கும் வீட்டில், பதினாறு வயதுப் பிள்ளைகளின் காதலை நான் உட்கார்ந்து படிப்பதா என்ற தயக்கம். அதைவிட, அது படிப்பு ஆகாது, பொழுதுபோக்கு என்ற எண்ணம். அந்த எண்ணம் தவறு. என்னைப்போல் நடுவயதில் மொழி கற்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கதையின் பெயர் ‘கிமி நி தோதொகெ’. கருஹோ ஷீனா எழுதி வரைந்தது. 2005 முதல் 2017 வரை இதழில் வெளிவந்து, மொத்தம் 30 பாகங்கள். 2008-இல் கோடன்ஷா மாங்கா விருது பெற்றது. நாயகி சவாகோ. நீண்ட கருங்கூந்தல், பேசத் தெரியாத கூச்சம். திகில் படத்தில் வரும் சடாகோ என்ற பேயின் பெயரால் வகுப்பே அவளை அழைக்கிறது. கசெஹாயா என்ற மாணவன்தான் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவ்வளவுதான் தொடக்கம்.

சவாகோவின் பெயரில் முதல் எழுத்து ஒரு காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. ‘பெரிய’ என்பதைக் குறிக்கும் எழுத்து, கைகால் விரித்து நிற்கும் மனிதனைப்போல் இருக்குமே, அது நடுவில் நிற்கும். அதன் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு பெருக்கல் குறிகள். பொருள், ‘தெளிந்த, புத்துணர்வான’. என்-3 நிலைக்கு மிக மேலே உள்ள எழுத்து. பயிற்சி நூலில் வந்திருந்தால் பத்து முறை எழுதிப் பதினோராவது நாள் மறந்திருப்பேன். இதை ஒரு முறைதான் எழுதிப் பார்த்தேன். பேய்ப் பெயர் ஒட்டிக்கொண்ட பெண்ணின் உண்மையான பெயருக்குள் இப்படி ஒரு பொருள் இருப்பதைப் படித்தபோது, தொழிற்சாலைப் பேருந்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள்கோயில் வந்ததுகூடத் தெரியவில்லை.

அன்றிலிருந்து கதைக்காகப் படித்தேன். தேர்வு பின்னால் போய்விட்டது. வாசிப்பு வேகம் வந்தது அப்போதுதான்.

தமிழர்கள் இடறும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். நாமும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோம், அவர்களும் அப்படியே. ஆனால் நமக்கு வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். ‘வந்தேன்’, ‘வந்தாள்’ என்றால் வேறு எதுவும் வேண்டாம். ஜப்பானிய வினையில் அந்த விகுதி கிடையாது. வந்தது நானா, அவளா, அவனா என்று சூழலில் இருந்துதான் பிடிக்க வேண்டும். என்-3 வாசிப்பில் கேட்கும் கேள்விகளில் பல இதைத் தொட்டே வரும்: ‘இப்படி நினைத்தது யார்?’, ‘இது எதைக் குறிக்கிறது?’ ஷோஜோ மாங்காவில் மனத்துக்குள் ஓடும் வரிகள் பேச்சுக் குமிழிக்கு வெளியே, படத்தின் மேலேயே மிதக்கும். யார் நினைக்கிறார் என்று எழுதியிருக்காது. முகத்தைப் பார்த்து, முந்தைய கட்டத்தைப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். இருபது அத்தியாயம் இப்படிப் படித்தால் அந்தப் புலன் கூர்மையாகிவிடும்.

ஆளைக் காட்டிக்கொடுக்கும் வினை ஒன்று உண்டு: குரெரு. ‘கொடு’ என்பதற்கு அவர்களிடம் அகெரு, குரெரு என்று இரண்டு சொற்கள். என்னை நோக்கி வருவது குரெரு, என்னிடமிருந்து வெளியே போவது அகெரு. வகுப்பில் இதற்கு அம்புக்குறி போட்டு விளக்கினார்கள், எனக்குப் படியவில்லை. பிறகுதான் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று அது பிரிக்கிறது. குரெருவை ‘தா’ என்றும் அகெருவை ‘கொடு’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னிலையில் சற்று வேறுபடும், மற்றபடி நெருங்கிப் பொருந்தும். இன்றைய தமிழில் நாம் மங்கவிட்ட வேறுபாடு அங்கே உயிரோடு இருக்கிறது.

இந்தக் குரெரு துணைவினையாக வரும்போதுதான் காதல் கதையே நடக்கிறது. ‘அவன் அழைத்தான்’ என்பது செய்தி. ‘யோண்டெ குரெதா’ என்றால் அவன் எனக்காக, என் பக்கமாக, எனக்குக் கிடைக்கும்படி அழைத்தான். நன்றியும் வியப்பும் அந்த ஒரு துணைவினைக்குள் அடங்கிவிடுகின்றன. கூச்சப்படும் பெண்ணின் மனம் இத்தகைய வாக்கியங்களில்தான் திறக்கிறது. ஒன்றரை ஆண்டு குழப்பிய இலக்கணம் எனக்கு இரண்டாம் பாகத்தில் தீர்ந்தது.

மற்ற துணைவினைகள் இன்னும் எளிது. செய்து பார், செய்து வை, செய்துவிடு என்ற மூன்றுக்கும் அங்கே நேர் இணை உண்டு: மிரு, ஒகு, ஷிமௌ. பயிற்சி நூல் இவற்றின் முழு வடிவத்தைத்தான் காட்டும். பேச்சில் ‘தெ ஷிமௌ’ என்பது ‘ச்சௌ’ ஆகிவிடும், ‘தெ ஒகு’ என்பது ‘தொகு’ ஆகிவிடும். கேட்டல் பகுதியில் ஒரு வரியைச் சொல்லி உடனே பதில் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், அங்கே இந்தச் சுருக்கங்கள் வரும். பள்ளிக்கூடக் கதையில் பிள்ளைகள் பேசுவதெல்லாம் இப்படித்தான்.

நெஞ்சு படபடப்பதற்கு அவர்கள் சொல்வது ‘தொகிதொகி’. மின்னுவதற்கு ‘கிராகிரா’. இரட்டைக்கிளவியோடு பிறந்த நமக்கு இதற்கு விளக்கமே வேண்டாம், காது ஏற்றுக்கொள்ளும்.

நான் படித்த முறையையும் சொல்கிறேன். ஓர் அத்தியாயத்தை முதலில் அகராதி இல்லாமல் கடைசிவரை படிப்பேன். காஞ்சி எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஃபுரிகானா என்ற சிற்றெழுத்துகளில் உச்சரிப்பு இருக்கும், அதனால் தடங்கல் குறைவு. மறுநாள் அதே அத்தியாயத்தை அகராதியோடு படிப்பேன். பிறகு மனத்தில் நின்ற ஒரே ஒரு வாக்கியத்தை ஃபுரிகானா இல்லாமல் நோட்டில் எழுதுவேன். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். தேர்வில் அந்தச் சிற்றெழுத்து உதவி பெரும்பாலும் இருக்காது. அதையே நம்பிப் பழகிய கண் தேர்வறையில் திணறும். ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் எழுத ஆசை வரும், ஒன்றோடு நிறுத்துங்கள். தேர்ந்தெடுப்பதற்காகவே முழு அத்தியாயமும் மனத்தில் ஒரு முறை திரும்ப ஓடும்.

அலுவலகத்துக்கு மாங்காப் பிள்ளைகளின் பேச்சைக் கொண்டுபோகாதீர்கள். நான் ஒருமுறை மேலாளரிடம் நண்பனிடம் பேசுவதுபோல் வாக்கியத்தை முடித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் முகம் ஒரு கணம் மாறியது. மரியாதை மொழியைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். அதேபோல் கட்டுரைப் பத்திகளுக்கும் அறிவிப்புகளில் தகவல் தேடும் கேள்விகளுக்கும் மாங்கா உதவாது. கடைசி எட்டு வாரம் ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் எளிய ஜப்பானியச் செய்திகளையும் மாதிரித் தேர்வுகளையும் நேரம் வைத்துச் செய்தேன். கதை கொடுத்த வேகம் அங்கே கைகொடுத்தது.

இந்த வகைக் கதைகளில் எனக்குப் பிடித்தது எது என்று மகள் கேட்டாள். நிதானம் என்றேன். குடும்பப் பெயரோடு, பையன்களுக்குச் சேர்க்கும் ‘குன்’ என்ற விகுதியைச் சேர்த்து அழைக்கும் பெண், ஒருவனை அவன் சொந்தப் பெயரால் அழைக்கத் துணிவதற்கே எத்தனையோ பக்கம் ஆகும். ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்று மாறும் அந்த இடம் நமக்கும் தெரிந்ததுதானே. ‘சுகி’ என்ற ஒரே சொல் சோற்றுக்கும் நாய்க்குட்டிக்கும் காதலுக்கும் பொதுவாக இருப்பதால், எந்தப் பிடித்தம் என்று புரியாமல் இருவர் தவிக்கிறார்கள். இந்தக் கதையில் காதலிக்கச் சொல்லி யாரும் யாரையும் துரத்துவதில்லை, மிரட்டுவதில்லை. கசெஹாயா அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறான். பதினாறு வயதுப் பெண்ணின் தகப்பனாக எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. சிறு பிள்ளைகளின் கதை என்று ஐந்து வாரம் இழுப்பறையில் போட்டு வைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன்.

அதன்பின் தினமும் இரவு உணவின்போது அன்றைய அத்தியாயத்தைத் தமிழில் சொல்வது வழக்கமாயிற்று. அதுவும் பயிற்சியே. ‘யார் சொன்னது அப்பா?’ என்று அவள் குறுக்கே கேட்கும் இடமெல்லாம் நான் சரியாகப் புரிந்துகொள்ளாத இடம்.

டிசம்பர் முதல் ஞாயிறு, சென்னையில் மறுபடி எழுதினேன். கடைசிப் பத்தியை முடித்தபோது ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. வாசிப்பில் 36, மொத்தம் 125.

இப்போது மின்னூலாக 19-ஆம் பாகத்தில் இருக்கிறேன். ஜூலையில் என்-2. கதையின் முடிவு என்ன என்று இணையத்தில் பார்த்துச் சொல்லட்டுமா என்று மகள் நேற்றுக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.