இந்தியா கேட் இலவசம், ஆட்டோ முந்நூறு

டெல்லியில் சுற்றிப் பார்ப்பதற்குப் பெரிதாகக் காசு தேவையில்லை. பார்க்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் காசு. ஊர் திரும்பி இன்னும் ஸ்வெட்டர்களைக்கூடத் துவைத்துப் போடவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் எழுதினால்தான் ஆட்டோக்காரர் கதை சரியாக வரும்.

அரையாண்டு விடுமுறைப் பயணம். நான், வீட்டுக்காரர், அத்தை, நான்காம் வகுப்பு படிக்கும் மகள். எங்கே போவது என்று நோட்டில் எழுதி வைத்தது மகள்தான். அத்தை சேர்த்த ஒரே இடம் மலை மந்திர் முருகன் கோயில். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறியதையும், வழியெல்லாம் புளிசாதம் சாப்பிட்டதையும் விட்டுவிடுகிறேன், எல்லோரும் செய்வதுதான். பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல் மட்டும்: ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். டெல்லி மெட்ரோவில் 90 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டினாலே முழு டிக்கெட். ஆனால் குதுப்மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை போன்ற தொல்லியல் துறை இடங்களில் 15 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம். மகளால் மிச்சமானது அங்கே மட்டும்தான்.

முதல் காலை இந்தியா கேட். நல்ல மூடுபனி. 42 மீட்டர் உயரமுள்ள கட்டடத்துக்கு எதிரே நின்றுகொண்டு "எங்கம்மா இருக்கு?" என்று கேட்கிறாள். பக்கத்தில் போன பிறகுதான் கல்லில் எழுத்து தெரிந்தது. முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1931இல் திறந்தது. கீழே எரிந்துகொண்டிருந்த அமர் ஜவான் ஜோதி இப்போது அங்கே இல்லை. 2022இல் பக்கத்திலேயே இருக்கும் தேசியப் போர் நினைவகத்தின் ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள்.

பலர் இந்தியா கேட் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் போர் நினைவகத்தைப் பார்க்காமல் வராதீர்கள். 2019இல் திறந்தது, இதற்கும் கட்டணம் இல்லை. வட்டம் வட்டமாகச் சுவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்ட 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொன்னிற எழுத்தில். மகள் விரலால் காற்றில் கோடு இழுத்துக்கொண்டே வரிசையாக வாசித்தாள். ஒரு வட்டம் முடிவதற்குள் அவள் குரல் தானாகக் குறைந்துவிட்டது. பக்கத்திலேயே போர்க்கால வீரத்துக்கான உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. 1987இல் இலங்கையில் இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலையைத் தேடிப் பிடித்துப் பார்த்தோம்.

சரி, ஆட்டோ.

அங்கிருந்து செங்கோட்டை ஆறேழு கிலோமீட்டர். டெல்லி ஆட்டோவில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 11 ரூபாய். மீட்டர் போட்டால் எண்பது, தொண்ணூறு ரூபாய்தான். மத்திய தலைமைச் செயலகம் மெட்ரோ நிலையத்திலிருந்து வயலட் லைனில் ஏறினால் செங்கோட்டை வாசலிலேயே இறங்கலாம், ஆனால் அதுவரை அத்தையின் முழங்கால் நடக்காது. கேட்ட முதல் ஆள் முந்நூறு என்றார். இரண்டாவது ஆளும் முந்நூறு. மூன்றாவது ஆள் ரொம்ப நல்லவர், நூறு ரூபாய் போதும் என்றார். வழியில் ஒரு கடையில் பத்து நிமிடம் நின்றால் போதுமாம், எதுவும் வாங்க வேண்டாமாம், சும்மா பார்த்தால் அவருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்குமாம். வீட்டுக்காரருக்கு இந்தி தெரியும் என்பதால் நியாயமாகத்தான் பேசி முடித்தார். பத்து நிமிடம்தானே?

அது நாற்பது நிமிடம். கம்பளம் விரித்துக் காட்டினார்கள், பஷ்மினா என்று சொல்லி ஒரு சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினார்கள், டீ கொடுத்தார்கள். எட்டாயிரம் ரூபாய்ச் சால்வையை அத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு "கோ-ஆப்டெக்ஸில் இதைவிட நல்லா இருக்கும்" என்று தமிழிலேயே சொல்லி எழுந்துவிட்டார். வெறும் கையோடு வெளியே வந்தோம். ஆட்டோக்காரர் முகம் மாறிவிட்டது. இறங்கும்போது முந்நூறு கேட்கிறார், காத்திருந்ததற்குக் கூலியாம். கடைக்குக் கூட்டிப்போனது அவர், காத்திருந்ததற்குக் காசு நாங்கள்! வீட்டுக்காரர் இந்தியில் பணிவாகப் பேசிக்கொண்டிருக்க, அத்தை இடையில் புகுந்து "இந்த அநியாயத்தைக் கேக்க ஆளே இல்லையா" என்று நல்ல மதுரைத் தமிழில் ஆரம்பித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூற்றைம்பதுக்கு முடிந்தது. ஒரு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. அதற்குள் செங்கோட்டைக்குள் விடும் நேரம் போயே போய்விட்டது. அதுதான் எனக்கு நூற்றைம்பதைவிட வலித்தது.

மறுநாள் மெட்ரோவிலேயே போனோம். ஷாஜகான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை. வெளியே பிரமாண்டம். உள்ளே, உண்மையைச் சொன்னால், குழந்தைகளுக்குச் சலிப்புத் தட்டும். புல்வெளி, மண்டபம், மறுபடி புல்வெளி. மகளுக்குப் பிடித்தது பிரதமர் கொடியேற்றும் மதில் மட்டும்தான். நேரு அங்கே முதன்முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 15 அன்று அல்ல, 16 அன்று என்று சொன்னதும், பள்ளியில் மிஸ்ஸை மடக்க ஒரு கேள்வி கிடைத்த சந்தோஷம் அவளுக்கு.

கோட்டைக்கு எதிரே சாந்தினி சவுக். அங்கேதான் இந்தப் பயணத்தின் சிறந்த அறுபது ரூபாய் செலவானது. தௌலத் கி சாட். பெயரில்தான் சாட், காரம் துளிகூடக் கிடையாது. பாலைக் கடைந்து கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூவின் மஞ்சள் நிறம், கொஞ்சம் கோவா, பொடித்த சர்க்கரை, பிஸ்தா. குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், வெயில் வந்தால் நுரை நிற்காது. கினாரி பஜார் சந்து முனையில் ஒருவர் பெரிய தட்டில் குவித்து, மேலே மெல்லிய துணி போட்டு மூடி வைத்திருந்தார். வாயில் வைத்தால் ஏலக்காய் வாசம் மட்டும் மிச்சம், நுரையைக் காணோம். "நான் இன்னும் சாப்பிடவே இல்லம்மா" என்று மகள் காலிக் கிண்ணத்தைக் காட்ட, இன்னொன்று வாங்கினோம். அறுபது நூற்றிருபது ஆனது. போகட்டும்.

குதுப்மினாருக்கு ஆன்லைனில் பெரியவர்களுக்கு 35 ரூபாய். 379 படிகள் உண்டு, ஆனால் ஏற முடியாது. 1981இல் உள்ளே விளக்கு அணைந்து நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதிலிருந்து படி மூடியே இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகு மகள் போய் நின்றது இரும்புத் தூண் முன்னால். 1600 வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. "அப்போ நம்ம வீட்டு கேட் மட்டும் ஏன் துருப்பிடிக்குது?" நல்ல கேள்வி. ஐஐடி கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் இந்தத் தூணை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். பழைய முறையில் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. முன்பெல்லாம் முதுகைச் சாய்த்துக் கையைப் பின்னால் கோத்தால் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். இப்போது சுற்றிலும் வேலி.

அதே வளாகத்தில் அலாய் மினார் இருக்கிறது. குதுப்மினாரைப் போல இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்று அலாவுதீன் கில்ஜி தொடங்கி, அவர் இறந்ததும் முதல் மாடியோடு நின்றுபோன கல்மேடு. "லோன் கிடைக்கலையாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டாள். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர், பதில் சொல்லவில்லை.

சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் அவளை வெளியே இழுத்துவரப் பெரும்பாடு பட்டோம். பாட்டியாலா மோனோரயில் என்று ஒன்று, ஒரே தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று தரையில் உருளும். அதைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, பொம்மை ரயிலில் மறுபடி மறுபடி ஏறினாள். என்னைக் கேட்டால் பிள்ளைகளோடு போகிறவர்கள் செங்கோட்டையைச் சுருக்கிவிட்டு இங்கே அரைநாள் ஒதுக்குங்கள். மலை மந்திரும் அந்தப் பக்கம்தான். படியேறும்போது "யாமிருக்க பயமேன்" என்று பார்த்ததும் அத்தையின் முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே மீனாட்சிக்கும் சன்னதி இருப்பதைப் பார்த்து முகமெல்லாம் பூரிப்பு.

சாப்பாடு பற்றி ஒன்றே ஒன்று. இந்தியா கேட் பக்கம் இருந்தால் ஆந்திரா பவன் கேன்டீனுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், டோக்கன் வாங்கி நிற்கவேண்டும், உட்கார்ந்ததும் மளமளவென்று பரிமாறுவார்கள். சாதத்தில் பருப்புப் பொடி, மேலே நெய், அளவில்லாமல். ரொட்டி தின்று காய்ந்துபோயிருந்த நாங்கள் நால்வரும் ரசம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

போகிறவர்கள் திங்கட்கிழமையைப் பார்த்துத் திட்டமிடுங்கள், செங்கோட்டையும் ரயில் அருங்காட்சியகமும் அன்று விடுமுறை. குதுப்மினார் எல்லா நாளும் உண்டு. குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யாமல் போனால் வாசலிலிருந்து படம் மட்டும்தான். ஆட்டோவில் மீட்டர் போடமாட்டேன் என்றால் ஏறவே ஏறாதீர்கள், "சும்மா கடையைப் பாருங்க" என்றால் ஓடிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. விடுமுறைக் காலமென்றால் அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.