தேசத்தைத் தொழ மறுத்தவர்கள்: ஜெருசலேம் பயணம்

ஜெருசலேமில் தீவிர ஆசார யூதர்கள் வாழும் மியா ஷெயாரிம் குடியிருப்புக்குள் நுழையும் சந்திலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பெண்கள் முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையும் அணிந்து வர வேண்டும், கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா வந்து எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஹீப்ருவிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. நான் தனியாகத்தான் போனேன், கேமராவையும் பைக்குள் போட்டுவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை மதியம், சபாத் என்ற வார ஓய்வு நாள் தொடங்கும், சூரியன் சாய்வதற்குள் எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும் என்பதால் தெருவே பரபரத்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஆண்கள், ஒரு கையில் குழந்தையின் தள்ளுவண்டியும் மறு கையில் ஹாலா ரொட்டிப் பையுமாகப் பெண்கள். காதில் விழுந்ததெல்லாம் இட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி. ஹீப்ரு வேதத்தின் மொழி, அதைக் காய்கறிக் கடையில் போட்டுப் புழங்கக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

என்னை நிறுத்தி வைத்தது சுவர். பெரிய கறுப்பு எழுத்தில் சுவரொட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி அட்டை கனத்துக்கு வந்துவிட்டன. பாஷ்கெவில் என்கிறார்கள். மரண அறிவிப்பு, ரப்பிகள் என்ற மதகுருக்களின் கண்டனம், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை, எல்லாம் அதில்தான். அதற்குப் பக்கத்தில் அச்சுத் தகடு வைத்து அடித்த ஒரு வாசகம், யூதர்கள் சியோனிஸ்டுகள் இல்லை என்று. யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்பவர்கள்தான் சியோனிஸ்டுகள். இன்னும் கொஞ்சம் தள்ளி பெயிண்டில் ஒரு பாலஸ்தீனக் கொடி. யாரோ அதன் மேல் கறுப்பு அடித்திருக்கிறார்கள், யாரோ அந்தக் கறுப்பின் மேலேயே மறுபடி வரைந்திருக்கிறார்கள்.

நம்மூரில் இஸ்ரேல் என்று பேச்சு வந்தால் ஒன்று சொட்டுநீர்ப் பாசனம், இல்லையென்றால் காஸா. யூதர்களுக்குள்ளேயே இந்த நாடு இருக்கலாமா, இருந்தாலும் அதைப் புனிதம் என்று சொல்லலாமா என்று நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற வழக்கு நம் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. 2022 அக்டோபரில் நான் ஜெருசலேம் போனது அதற்காகத்தான்.

அந்தத் தெருவில் ஒரு புத்தகக் கடைப் பெரியவர், புரூக்ளினில் வளர்ந்தவர், நல்ல ஆங்கிலம். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டு, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். யூதச் சட்ட நூலான தால்முதின் கெத்துபோத் பகுதியில் மூன்று சத்தியங்கள் வருகின்றன: யூதர்கள் மதில்போல ஒன்றுதிரண்டு அந்த மண்ணுக்கு ஏறிப் போகக் கூடாது, தாங்கள் வாழும் நாடுகளை எதிர்த்துக் கலகம் செய்யக் கூடாது, அந்த நாடுகளும் யூதர்களை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது. நாடு கடத்தப்பட்டது கடவுள் விதித்தது, மீட்பதும் அவர்தான் மீட்க வேண்டும், மெசியா என்ற மீட்பர் வருவதற்கு முன்னால் மனிதர்கள் துப்பாக்கியோடு போய் அரசு அமைத்தால் அது கடவுளின் வேலையைப் பிடுங்கிக்கொள்வது. சத்மார் ஹசீதியர்கள் என்ற ஆசாரப் பிரிவின் தலைவராக இருந்த ரப்பி யோயெல் டைட்டெல்பாம் இந்த வாதத்தைத் தனி நூலாகவே எழுதி வைத்தார். இவர்கள் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை, தங்கள் பள்ளிகளுக்கு அரசுப் பணம் வாங்குவதில்லை. 1930-களின் கடைசியில் அம்ராம் பிளாவ் முதலியோர் தொடங்கிய நெதுரே கார்த்தா என்ற குழு இன்னும் கடுமை, இஸ்ரேலின் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுசரிப்பவர்கள்.

கேட்கக் கேட்க மரியாதைதான் வந்தது. சொந்த மக்கள் துரோகி என்று சொன்னாலும் சொன்ன சத்தியத்தில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர் பேச்சில் பாலஸ்தீனர்கள் என்று ஒருவருமே வரவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய வழக்கு கடவுளுக்கும் யூதர்களுக்கும் நடுவில். 2006-இல் ஈரான் அரசு தெஹ்ரானில் யூத இன அழிப்பையே சந்தேகிப்பதற்காக ஒரு மாநாடு நடத்தியபோது நெதுரே கார்த்தாவிலிருந்து சிலர் அதற்குப் போனார்கள். சியோனிசத்தை அதே கடுமையோடு எதிர்க்கிற சத்மார்காரர்களே அவர்களைக் கண்டித்தார்கள். கொள்கைப் பிடிப்பு அந்த இடம் வரை ஒருவரைக் கொண்டுபோகும் என்றால் அந்தப் பிடிப்பில் எங்கோ மனிதர்கள் தொலைந்துவிட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

அங்கிருந்து யாஃபா சாலைக்கு நடந்தே வந்துவிடலாம். டிராம் ஓடுகிற சாலை, அதில் பழைய ஷாரே செதெக் மருத்துவமனைக் கட்டடம் இப்போதும் நிற்கிறது. 1924 ஜூன் 30 அன்று அங்கிருந்த தொழுகைக்கூடத்தில் மாலைப் பிரார்த்தனை முடித்து வெளியே வந்த யாக்கோப் இஸ்ரயேல் தெ ஹான் சுட்டுக் கொல்லப்பட்டார். டச்சுக் கவிஞர், வழக்கறிஞர். சியோனிஸ்டாகத்தான் பாலஸ்தீனம் வந்தார். வந்து பார்த்த பிறகு மனம் மாறி, பழைமைவாத யூதர்களின் பக்கம் சேர்ந்து, அரபுத் தலைவர்களோடு பேச ஆரம்பித்தார், லண்டன் போய் முறையிடவும் கிளம்பிக்கொண்டிருந்தார். கொன்றது ஹகானா என்ற சியோனிச ஆயுத அமைப்பைச் சேர்ந்தவர்கள். யூதரை யூதரே அரசியலுக்காகக் கொன்றதில் அந்த மண்ணில் இது முதலாவது என்கிறார்கள். நாடு பிறப்பதற்கு 24 வருடங்கள் முன்பு! நான் அந்தக் கட்டடத்துக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றேன், பள்ளிப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு கடந்து போனார்கள்.

நான் தங்கியிருந்தது ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில். அமெரிக்காவில் பிறந்து இளம்வயதிலேயே இங்கே குடியேறியவர், சபாத் தவறாமல் காப்பவர், தலைமுடியைத் துணியால் மூடியிருப்பார். அன்று இரவு சபாத் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மெழுகுவர்த்தி, திராட்சைரசம், துணி போட்டு மூடிய இரண்டு ரொட்டிகள், கோழி சூப். புத்தகக் கடைப் பெரியவர் சொன்னதை நான் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவருக்கு என்ன, 1939-இல் எங்கே போயிருப்பாராம்?"

அம்மாவின் அப்பா குடும்பம் போலந்து. அப்பா மட்டும் முன்னாலேயே கப்பல் ஏறியதால் தப்பினார். அந்த வருடம்தான் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த 900-க்கும் மேற்பட்ட யூதர்களை கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் இறங்கவிடாமல் ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பின. அதற்கு முன் 1903-இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதப் படுகொலை, பிறகு 1941-இல் பாக்தாதில் யூதர்கள் மீது நடந்த வெறியாட்டம், இவற்றோடு நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் உயிர். 1897-இல் முதல் சியோனிச மாநாட்டை மியூனிக்கில் நடத்தக் கூடாது என்று ஜெர்மன் ரப்பிகளே எதிர்த்ததால்தான் அந்த இயக்கத்தின் தலைவர் ஹெர்ட்சல் அதை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு மாற்ற வேண்டி வந்தது. ஜெர்மனிதான் எங்கள் தாய்நாடு என்றார்கள் அந்த ரப்பிகள். அவர்கள் பேரப்பிள்ளைகள் கதி என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

காந்தியும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1938 நவம்பரில் ஹரிஜன் பத்திரிகையில், இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு என்பதுபோல் பாலஸ்தீனம் அரபுகளுக்கு உரியது என்றும், ஜெர்மன் யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றும் எழுதினார். அதே வருடம்தான் ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்திருந்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரியில் நீண்ட கடிதம் எழுதினார், ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் தலைவர் யூதா மாக்னஸும் எழுதினார். இரண்டு பேருமே காந்தியை மதித்தவர்கள், இரண்டு பேருமே யூதரும் அரபும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழ வேண்டும் என்று கேட்டு சொந்த ஆட்களிடம் வசை வாங்கியவர்கள். காந்தி சொன்ன முதல் பாதியில் இருந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இரண்டாவது பாதி வதைமுகாமின் வாசலில் நிற்கிறவனிடம் சொல்லக் கூடியது இல்லை. பூபரின் கோபம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுநாள் காலை அந்த அம்மாவோடு தொழுகைக்கூடம் போனேன், பெண்கள் பகுதி தடுப்புக்கு அந்தப் பக்கம். வேதச் சுருளான தோராவை வாசித்து முடித்ததும் நாட்டுக்காக ஒரு பிரார்த்தனை சொல்கிறார்கள், 1948-இல் தலைமை ரப்பிகள் இயற்றியது. இஸ்ரேல் அரசு நம் மீட்பின் முதல் துளிர் என்று அதில் ஒரு வரி. தலைமை ரப்பியாக இருந்த ஆபிரகாம் குக் காலத்திலேயே இதற்கு விதை விழுந்துவிட்டது. வயலில் உழுகிற நாத்திக இளைஞனும் தனக்குத் தெரியாமலே கடவுளின் வேலையைத்தான் செய்கிறான் என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் பெரிய அன்பு இருந்தது. அண்டை அரபு நாடுகளோடு நடந்த 1967 போருக்குப் பிறகு அவர் மகன் சுவி யெகூதாவின் மாணவர்கள் அதையே பிடித்துக்கொண்டு, வென்ற நிலத்தில் ஒரு பிடியைக்கூடத் திருப்பிக் கொடுப்பது பாவம் என்று பாலஸ்தீனர்கள் வாழும் மேற்குக் கரையெங்கும் குடியேறினார்கள். அந்த வரி வரும்போது அம்மா என்ன செய்கிறார் என்று பிறகு கேட்டேன். "துளிராக ஆகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்போதே துளிர்தான் என்று என்னால் கடவுள் முன்னால் நின்று சொல்ல முடியாது" என்றார். அவரைப் போல வார்த்தை சேர்த்துச் சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டாம்.

அவர் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க யெஷாயாஹு லைபோவிட்ஸ். எனக்கு இந்தப் பயணத்தில் மிக நெருக்கமாகிப்போன மனிதர் இவர்தான். 1903-இல் ரீகாவில் பிறந்து 1994-இல் ஜெருசலேமில் இறந்தவர், உயிர்வேதியியல் பேராசிரியர், கட்டளை ஒன்றுகூட விடாமல் கடைப்பிடித்த ஆசாரமான யூதர், சியோனிஸ்ட்டும்கூட. வேற்றார் எங்களை ஆண்டது போதும், அதற்குத்தான் எங்களுக்கு ஒரு நாடு, அவ்வளவுதான், அதில் புனிதம் எதுவும் இல்லை என்பார். 1953 அக்டோபரில் ஏரியல் ஷரோன் தலைமையிலான படை கிப்யா என்ற அரபுக் கிராமத்தில் புகுந்து வீடுகளை ஆட்களோடு வெடி வைத்துத் தகர்த்தது, அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அதற்கு முன் ஒரு யூதத் தாயும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள், அதற்குப் பழி. லைபோவிட்ஸ் அப்போது வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தை எடுத்தார். தங்கை தீனாளைக் கெடுத்ததற்காக சிமியோனும் லேவியும் சீகேம் ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டினார்கள், அவர்கள் பக்கம் காரணம் இருந்தது, ஆனாலும் யாக்கோபு சாகும்போது அவர்கள் கோபத்தைச் சபித்துவிட்டுத்தான் செத்தார். நம் பையன்களால் இதை எப்படிச் செய்ய முடிந்தது என்று கேட்டுவிட்டு, நாட்டையும் மண்ணையும் புனிதம் என்று சொல்லிக் கொடுத்தோம், புனிதத்துக்காக என்றால் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடும் என்று அவரே விடை சொன்னார்.

1967-இல் நாடே கூத்தாடியபோது, பிடித்த இடங்களை விட்டு உடனே வெளியே வாருங்கள், இன்னொரு மக்களை ஆண்டால் நாம் அழுகிப்போவோம் என்றார். யூதர்கள் தொழும் பழைய கோயில் மதிலான மேற்குச் சுவரைச் சுற்றி நடந்த கொண்டாட்டத்தை டிஸ்கோ என்றே திட்டினார். நான் சுவருக்குப் போனபோது அதுதான் மனதில் இருந்தது. நெற்றியைக் கல்லில் பதித்து விம்முகிற ஒரு முதியவரைப் பார்த்தேன், அந்த அழுகைமேல் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் நான் நின்ற அந்த அகலமான முற்றம் 1967 ஜூன் வரை மொரோக்கோ குடியிருப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், ஆட்களை உடனே வெளியேறச் சொல்லி புல்டோசர் விட்டார்கள். இப்போது அதே முற்றத்தில் ராணுவத்தில் சேரும் பிள்ளைகள் கையில் துப்பாக்கியும் வேதப் புத்தகமும் வாங்கிக்கொண்டு உறுதிமொழி எடுக்கிறார்கள். 1993-இல் லைபோவிட்ஸுக்கு இஸ்ரேல் பரிசு அறிவித்தார்கள், அப்போது பிரதமராக இருந்த ராபின் அந்த விழாவுக்கு வர மாட்டேன் என்றார், கிழவர் பரிசே வேண்டாம் என்றுவிட்டார்.

"வீட்டுக்குக் கூரை வேண்டும். அதற்காகக் கூரையைக் கும்பிடுவோமா?" என்றார் அம்மா.

அடுத்த வாரம் அவர் என்னை ஒலிவ அறுவடைக்குக் கூட்டிப்போனார். 1988-இல் தொடங்கிய 'மனித உரிமைக்கான ரப்பிகள்' என்ற அமைப்பு வருடாவருடம் ஆட்களைத் திரட்டி மேற்குக் கரைக் கிராமங்களுக்கு அழைத்துப் போகிறது, யூதர்கள் கூட இருந்தால் குடியேறிகள் அடிக்க யோசிப்பார்கள் என்று. நாப்லஸ் பக்கம் ஒரு சரிவு. மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, பிளாஸ்டிக் பல் வைத்த கைவாரியால் கிளையை வழித்துவிட்டால் காய்கள் சடசடவென்று விழும், இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு மூட்டையில் கட்டுவோம். உள்ளங்கை எண்ணெய்ப் பிசுக்காகி, நகக்கண்ணெல்லாம் கறுத்துவிடும். மேல் வரிசையில் சில மரங்கள் இடுப்பளவில் அறுத்துப் போட்டபடி கிடந்தன. தோட்டக்காரர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் மேட்டுக் குடியிருப்பைக் காட்டி நீட்டினார். கூட வந்த ரப்பி அங்கேயே நின்று உபாகமத்திலிருந்து சொன்னார், ஒரு நகரை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தை வெட்டாதே என்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து நான்கைந்து இளைஞர்கள் இறங்கி வந்தார்கள், தலையில் கிப்பா என்ற பின்னல் குல்லா, இடுப்பில் தொங்கும் சடங்கு நூல். ரப்பிக்கும் அதே நூல். பையன்களில் ஒருவன் அவரைப் பார்த்துக் கத்தியதற்கு அர்த்தம் கேட்டேன், நீயெல்லாம் யூதனா என்கிறானாம். ரப்பி ஏணியை விட்டு இறங்கவில்லை. ராணுவ ஜீப் வந்து, எங்களைத்தான் கிளம்பச் சொன்னது.

எனக்கு அன்று உறைத்தது இதுதான்: இது மதத்துக்கும் மதச்சார்பின்மைக்கும் நடக்கிற சண்டையே இல்லை. அந்தப் பையனும் ரப்பியும் காலையில் ஒரே பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கடவுள் நிலத்தைக் கொடுத்தவர், இன்னொருவருக்கு அந்த நிலத்தில் என்ன செய்தாய் என்று கணக்குக் கேட்பவர். நான் யார் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது.

ஒரு வருடம் கழித்து 2023 அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதலில் ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு காஸாவில் செத்தவர்கள் பல்லாயிரம், அதில் குழந்தைகள் எத்தனை என்று எழுதவே கை வரவில்லை. அம்மாவின் ஒரு பேரன் ரிசர்வ் படையில் காஸாவுக்குப் போனான், ஒரு பேத்தி ராணுவத்தில் சேர மறுத்துவிட்டாள். 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஹரேதி எனப்படும் தீவிர ஆசார யூதர்களின் மதக் கல்வி மாணவர்களும் படையில் சேர்ந்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் மியா ஷெயாரிம் பக்கம் பெரிய போராட்டம். அந்தப் புத்தகக் கடைப் பெரியவரும் அதில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அவர்கள்மேல் கோபம், என் பேரன் உயிர் மட்டும் மலிவா என்று எழுதியிருந்தார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் அந்தப் போருக்கு யாரையும் அனுப்பச் சொல்ல என்னால் முடியாது, அதை அவருக்கு அப்படியே எழுதினேன்.

பதிலில் அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிணைக்கைதிகளுக்கான பிரார்த்தனையோடு காஸாவில் சாகிற குழந்தைகளுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தன் தொழுகைக்கூடத்தில் கேட்டிருக்கிறார், நடத்துகிறவர்கள் மறுத்துவிட்டார்கள். சபாத் அன்று வண்டி ஏறக் கூடாது என்பதால் முழங்கால் வலியோடு முக்கால் மணி நேரம் நடந்து, அந்த வரியைச் சொல்கிற வேறொரு சிறு கூட்டத்துக்கு இப்போது போய்க்கொண்டிருக்கிறார்.