கார் ஷெட்டில் ஒரு பூட்டுப் பட்டறை

வாடகை வீட்டில் இருந்தவரை என் பட்டறை ஒரு பழைய டிரங்குப் பெட்டிதான். அரம், குறடு, திருப்புளி, சுத்தியல் எல்லாம் அதற்குள். பால்கனியில் சாக்கை விரித்து உட்கார்ந்து வேலை செய்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் கூட்டிப் பெருக்கி மூடிவிட வேண்டும். சேர்த்துவைத்த பூட்டுகள் கட்டிலுக்கு அடியில் மூன்று பிஸ்கட் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. தை மாதம் மதுரையில் சொந்த வீட்டுக்கு வந்தோம். எங்களிடம் கார் இல்லை, ஆனால் வீட்டில் கார் ஷெட் இருக்கிறது. 10க்கு 14 அடி. "கார் வாங்குற வரைக்கும் வெச்சுக்கங்க" என்று மனைவி அனுமதி கொடுத்தாள். கார் வாங்கும் யோசனையை அன்றோடு விட்டுவிட்டேன்.

முதலில் மேசை. இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் ஒற்றைத் தேக்குக் கதவு ஒன்று கிடைத்தது. ஒன்றரை இஞ்ச் கனம், ஒரு மூலையில் மட்டும் கரையான் அரித்திருந்தது. அந்த மூலையை அறுத்துத் தள்ளிவிட்டு, இரும்பு ஆங்கிளில் கால் அடிக்கக் கொடுத்தேன். உயரம் எவ்வளவு என்று வெல்டிங் பட்டறையில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையை அளந்து 30 இஞ்ச் என்று சொன்னேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் 4 இஞ்ச் வைஸைப் பொருத்தி அரை மணி நேரம் அரம் போட்டதற்கே இடுப்பு கழன்றுவிட்டது. பூஜை அறைக் கதவைச் சரிசெய்ய வந்த ஆசாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "சாப்பாட்டு மேசையில அரம் போட்டா எப்படி சார்? நேரா நின்னு முழங்கைய மடக்குங்க. வைஸோட வாய் அங்க இருக்கணும்." அளந்து பார்த்தால் எனக்கு முழங்கை உயரம் 41 இஞ்ச். வைஸ் மட்டுமே 6 இஞ்ச் இருக்கிறது, ஆக மேசை 35. நான்கு காலுக்கும் 5 இஞ்ச் புளியமரக் கட்டை கொடுத்துத் தூக்கிவிட்டார். இழைப்புளி போட இந்த உயரம் கொஞ்சம் அதிகம்தான். நான் மரவேலைக்காரன் இல்லையே, சரி, இருக்கட்டும்.

மின்சார வேலையில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஷெட்டுக்குத் தனி லைன், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே லைனைத் துண்டித்துவிடும் ஆர்சிசிபி, மேசைக்கு எதிரே இரண்டு டியூப்லைட். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே வேலை மேல் விழும்.

அப்புறம் காட்சிக்கு வைப்பது. இதைத்தான் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

என்னிடம் இருப்பது 23 பூட்டுகள், பெரும்பாலும் திண்டுக்கல். ஐந்து இரும்பு எடைக்கற்கள். பித்தளையில் படி, உழக்கு, ஆழாக்கு ஒவ்வொன்று. அளவைகளும் எடைக்கற்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நான்கைந்து நடையில் பேரம் பேசி வாங்கியவை. சிலை, கோயில் சாமான் பக்கம் போவதே இல்லை. 1972ஆம் வருடத்துச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருட்களில் சிலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும். தவிர, கோயில் பொருள் எந்த வழியாக வந்தது என்று யார் கண்டது? பூட்டு என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேசைக்கு மேலேயே சுவரில் புது பிளைவுட்டில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி செய்து, எல்லாவற்றையும் அடுக்கினேன். வேலை செய்துகொண்டே நிமிர்ந்து பார்க்கலாம் என்ற ஆசை. பத்து நாள் அழகாக இருந்தது. பதினோராம் நாள் பித்தளைப் படியின் விளிம்பில் மிளகாய்ப் பொடி தூவியது போல் புள்ளிகள். பித்தளை துருப்பிடிக்காதே என்று விரலால் தடவிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது. கிரைண்டரில் இரும்பைத் தீட்டும்போது பறக்கும் தூள் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போய் உட்கார்ந்து, காற்றின் ஈரத்தில் துருவாக மாறியிருக்கிறது. கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டி அடைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடைத்ததுதான் அடுத்த வினை. இரண்டு மாதம் கழித்து எடைக்கற்களைப் பார்த்தால், அடியில் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயத்தை ஊற்றி எடையைச் சரிகட்டி, அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவார்கள். மாவு பூத்தது சரியாக அந்த ஈயத்தில். புது பிளைவுட்டும் அதன் பசையும் மெல்லிய அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈயத்துக்கு அது ஆகவே ஆகாது. காற்றோட்டம் இருந்தவரை ஆவி வெளியே போயிருக்கும், நான்தான் ரப்பர் வைத்து ஊறப்போட்டுவிட்டேன். அந்த வெள்ளைத் தூள் விஷம், வாயால் ஊதக் கூடாது. கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போட்டேன். ஒரு கல்லில் முத்திரை பாதி போய்விட்டது.

இப்போது எல்லாம் ஹாலில், பெயின்ட் அடித்த பழைய ஸ்டீல் கண்ணாடி பீரோவில் இருக்கின்றன. அலுவலகங்களில் பைல் வைப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அந்த பிளைவுட் அலமாரியில் ஆணியும் திருகும் வைத்திருக்கிறேன். பட்டறையும் காட்சியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

சுத்தம் செய்வது பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல். முதலில் வாங்கிய உழக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். சீர்வரிசைத் தட்டில் வைக்கிற மாதிரி பளபளவென்று வந்தது. அதன் பக்கத்தில் மங்கலாக இருந்த இரண்டு எழுத்துகளும் தேய்ந்து போயின. யாரோ ஒருவருடைய இனிஷியல். இப்போதெல்லாம் மென்மையான பிரஷ், சோப்புத் தண்ணீர், உடனே துடைத்து வெயிலில் காயவைத்து மெழுகு ஒரு பூச்சு, அவ்வளவுதான். துரு ஏறிய தாழ்ப்பாள், கொண்டி போன்ற வெறும் இரும்புக்குச் சலவைச் சோடா கலந்த வாளியில் 12 வோல்ட் சார்ஜரை இணைக்கிறேன். பொருள் மைனஸில், வேண்டாத இரும்புத் துண்டு பிளஸ்ஸில். மாற்றிக் கொடுத்தால் நம் பொருளையே தின்றுவிடும். பிளஸ்ஸில் எவர்சில்வர் கரண்டியைப் போடவே கூடாது. ஹைட்ரஜன் வரும், அதனால் ஷெட் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஈயம் உள்ள எடைக்கல்லை இந்த வாளியின் பக்கமே கொண்டு போவதில்லை.

எடைக்கல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வீசைக் கல்லைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன். 40 பலம் ஒரு வீசை, அதாவது கிட்டத்தட்ட 1.4 கிலோ. என் கல் 1,382 கிராம்தான் காட்டியது. மீதியைத் துரு தின்றதா, கடைக்காரர் தின்றாரா தெரியவில்லை. மெட்ரிக் எடைகள் 1958இல் தொடங்கி, 1962இல் முழுதாக வந்துவிட்டன. அதற்குப் பிறகு இந்தக் கல் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கத்தான் பயன்பட்டிருக்கும்.

பட்டறையின் முதல் உருப்படியான வேலை மாங்காய்ப் பூட்டு. மாங்காய் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். சாவி இல்லாமல், பூட்டிய நிலையிலேயே வாங்கினேன். திண்டுக்கல்லில் வயதான பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். துவாரத்துக்குள் வளைந்த கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். "ஆறு லீவர் தம்பி. ரிவிட்ட ஒடைச்சா அஞ்சு நிமிஷ வேலை. ஒடைக்கணுமா?" வேண்டாம் என்றேன். "அப்ப கட்டைச் சாவி தர்றேன், நீயே ராவிக்க. பொறுமை இருந்தா வரும்." லீவர் என்பது பூட்டுக்குள் சாவி தூக்கிவிடும் தகடு. கட்டைச் சாவி என்றால் இன்னும் பல் வெட்டாத சாவி, ராவுவது என்றால் அரத்தால் தேய்ப்பது. பணம் கொடுக்கப் போனேன், சாவிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019 ஆகஸ்டில் வந்தது, கண்டாங்கிச் சேலைக்கும் அப்போதேதான். எங்கள் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பங்கு சேர்த்திருக்கிறோம்.

ராவும் முறை இதுதான். கட்டைச் சாவியை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கருக்க வேண்டும். துவாரத்தில் விட்டு லேசாக அழுத்தித் திருப்பி, அப்படியே வெளியே எடுக்க வேண்டும். எந்த லீவர் அதிகம் இறுக்குகிறதோ, அந்த இடத்தில் கரி விலகி ஊசி முனை அளவு பளிச்சென்று ஒரு கோடு தெரியும். அங்கே மட்டும் நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி துவாரம். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு இருக்கிறது. ஆறு வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் உள்ளே தண்டு நகரும். ஒரு லீவர் மயிரிழை தாழ்ந்தாலும் நகராது. அதிகம் ராவிவிட்டால் ராவியது ராவியதுதான், கட்டையைத் தூக்கிப் போட வேண்டும். இரண்டு கட்டை அப்படிப் போயிற்று.

மூன்றாவது கட்டையில் ஐந்து லீவர் அடங்கிவிட்டது. ஆறாவது இன்னும் கோடு காட்டுகிறது. நேற்று இரவு அரத்தைக் கையில் எடுத்துவிட்டு, கை நடுங்குகிறது என்று வைத்துவிட்டேன். ஞாயிறு காலையில் பார்க்கலாம்.

பீரோவில் மேல்தட்டில் இப்போது ஒரு இடம் காலி. 8 ஆழாக்கு ஒரு படி என்று பேரனுக்குக் காட்ட அரிசியை அளந்து போட்டேன். எட்டு ஆழாக்கு போட்டும் படி தலைதட்ட ஒரு கைப்பிடி குறைந்தது. இரண்டும் ஒரே ஊர்ச் சாமான் இல்லை போலிருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "இது நம்ம டம்ளரை விடச் சரியா இருக்கே" என்று ஆழாக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அது இப்போது அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது.