ராமேஸ்வரம் ரோட்டில் எக்கோ பட்டனை எப்போது தட்டணும், எப்போது அணைக்கணும்?

ராமநாதபுரம் கடற்கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். வாடகைக் கார், ஆட்டோமேட்டிக் கியர். டேங்கை நிரப்பித் தருவார்கள், நாமும் நிரப்பித்தான் திருப்பிக் கொடுக்கணும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலம். அதனால் மதுரை ரிங் ரோட்டிலேயே தம்பி, பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற எக்கோ பட்டனைத் தட்டிவிட்டு, "அண்ணே, ஊர் திரும்புற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டான். எனக்கு அப்போதே அதில் உடன்பாடில்லை.

பரமக்குடி வரை நாலு வழிச்சாலை, பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் ரோடு குறுகிவிடுகிறது. சத்திரக்குடி பக்கம் கருவேல விறகு ஏற்றிய லாரி ஒன்று, இரண்டு பக்கமும் விறகு பிதுங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஊர்ந்து போனது. தம்பி வலப்பக்கம் ஒடித்து மிதித்தான். வண்டி முனகியது, கிளம்பவில்லை. எதிரே ஒரு பஸ் லைட்டை அடித்துக்கொண்டே வருகிறது. பின்சீட்டில் அம்மா "முருகா" என்று முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் கால் தரையைத் தொடுகிற அளவுக்கு அழுத்திய பிறகுதான் கியர் இறங்கி வண்டி பாய்ந்தது.

எக்கோ மோட் செய்கிற வேலையே அதுதான். பாதி மிதித்தாலும் எஞ்சினுக்குக் கொஞ்சமாகத்தான் கேட்கும். ஆட்டோமேட்டிக் என்றால் சீக்கிரமே மேல் கியருக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். முழுசாக மிதித்தால் பெரும்பாலான வண்டிகளில் முழு சக்தியும் வந்துவிடும், ஆனால் தாமதமாக வரும். இருவழிச் சாலையில் அந்தத் தாமதம் ஆளைக் கொல்லும். ஓவர்டேக் செய்யப் போகிறீர்களா, லாரியின் பின்னால் இருக்கும்போதே எக்கோவை அணைத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எக்கோவுக்கு ஏற்ற இடமும் இந்த ரூட்டிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் டவுன் நெரிசல், மண்டபம், அப்புறம் பாம்பன் பாலம். 1988இல் திறந்த அந்த ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1914இல் வந்த பழைய ரயில் பாலத்தையும், பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தையும் பார்க்கிற ஆசையில் அத்தனை வண்டியும் ஊர்கிறது. நின்று நின்று போகிற இடத்தில் எக்கோ உண்மையாகவே பெட்ரோலை மிச்சம் பிடிக்கும். இன்னொன்று: பாலத்தின் நடுமேட்டிலிருந்து இறங்கும்போது நிறையப் பேர் நியூட்ரலில் உருட்டுகிறார்கள். தப்பு. கியரில் வைத்துக் காலை எடுத்தால் இப்போதைய எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் குடிக்கும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

ராமேஸ்வரத்தில் கோயில் பக்கத் தெருவில் வண்டி நிறுத்த ஒருவர் கேட்ட காசைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ரசீது கேட்டதற்கு முறைத்தார். பட்டனைத் தொட்டுத் தொட்டு நாள் முழுக்க மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு கையில் போய்ச் சேர்ந்தது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

தனுஷ்கோடியில் மனசு ஆறியது. 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகைக் கடையில் மீன் பொரித்துக் கொடுத்தார்கள். மிளகாய்ப்பொடி நெடி மூக்கில் ஏற, தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெள்ளைச் சதை ஆவி பறக்க. விலையை முதலிலேயே சொன்னார் அந்த அக்கா, அதையேதான் வாங்கினார். அம்மா இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அரிச்சல்முனை போய்த் திரும்பி வந்து கதவைத் திறந்தால் கார் அடுப்பு. எக்கோவில் பல வண்டிகள் ஏசி கம்ப்ரஸரையும் அடக்கித்தான் ஓட்டும், அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, நார்மலில் ஏசியை முழுசாக ஓடவிட்டு, வண்டி குளிர்ந்ததும் எக்கோவுக்குப் போங்கள். வயசானவர்களை வேகவைத்துப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மறுநாள் கீழக்கரை. தொதல் என்கிற இனிப்பு வாங்கினோம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விரலில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. அங்கிருந்து சாயல்குடி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆடிக் காற்று நேர் எதிரே அடித்தது. முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றில் எண்பதில் போனால் வண்டியைப் பொறுத்தவரை அது நூற்றிப்பத்துக் காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்கு. அங்கே எக்கோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை, வேகத்தைக் குறைத்தால்தான் மைலேஜ். எழுபதுக்கு இறக்கச் சொன்னேன். டிஸ்ப்ளேயில் மைலேஜ் எண் மெல்ல ஏறியதைப் பார்த்து, தம்பி சாயல்குடி வரை வாயே திறக்கவில்லை.

சாயல்குடியில் கருப்பட்டி வாங்க மறக்காதீர்கள். வண்டியைக் கொடுக்கும்போது மைலேஜை டிஸ்ப்ளே எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டேங்க் நிரப்பியதிலிருந்து மறுபடி நிரப்பியது வரை ஓடிய கிலோமீட்டரை, போட்ட லிட்டரால் வகுங்கள். எங்களுக்கு டிஸ்ப்ளே காட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது.