கழன்றுபோன ஒரு சிறு பாகம்

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து ரையன் பிடி-22 என்ற பழைய பயிற்சி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். மேலேறிய சற்று நேரத்திலேயே எஞ்சின் வலுவிழந்தது. ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றவர், அது இயலாது என்று கண்டதும் அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தை நோக்கி விமானத்தை இறக்கினார். மர உச்சியில் உரசித் தரையில் மோதியதில் பலத்த காயமடைந்தார்.

எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள், அந்த எரிபொருளை அளந்து விடும் ‘முதன்மை ஜெட்’ என்ற சிறு துளையுள்ள பாகம் தன் இருப்பிடத்திலிருந்து கழன்றுவிட்டதால், காற்றோடு அளவுக்கு மீறிப் பெட்ரோல் கலந்து எஞ்சின் திணறியதாக அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும் என்பது தெரிந்ததுதான். மிகுந்தாலும் நிற்கும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அந்த ஜெட்டைப் பராமரிப்பது குறித்து எந்த வழிகாட்டுதலும் இருக்கவில்லை என்பதையும் வாரியம் பதிவு செய்திருக்கிறது.