கிராமிலிருந்து எண்ணிக்கைக்கு: மோல் கணக்கு நாட்குறிப்பு

மே 18

அக்கா மகள் வேதியியலில் மோல் பாடத்தைத் தொடங்கியிருக்கிறாள். "மோல் என்றால் டஜன் மாதிரிதானே சித்தி?" என்று கேட்டாள். பாதி சரி. டஜன் 12, மோல் 6.022 × 10²³, இரண்டும் எண்ணிக்கையே. ஆனால் ஒரு டஜன் பொருளின் எடை என்ன என்பதற்கு டஜனிடம் பதில் கிடையாது. மோலிடம் உண்டு. ஒரு தனிமத்தின் அணு நிறை எந்த எண்ணோ, அத்தனை கிராமை நிறுத்து எடுத்தால் அதில் ஒரு மோல் அணுக்கள் இருக்கும். கார்பன் 12 கிராம், ஆக்சிஜன் 16 கிராம், இரும்பு 55.85 கிராம்: மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒவ்வோர் அணுவாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. தராசில் நிறுக்க முடியும். நிறுத்தே எண்ணிவிடலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி!

ஒன்றை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அணுக்கள் எண்ணிக்கைப்படிதான் சேர்கின்றன. கிராம் கணக்குப் பார்த்துச் சேர்வதில்லை. கேள்வி கிராமில் இருக்கலாம், விடையும் கிராமில் கேட்கப்படலாம். நடுவில் மோலுக்குப் போய்த்தான் வரவேண்டும்.

மே 20

இந்தத் தேதிக்கும் மோலுக்கும் உறவு உண்டு. 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பது 1971இல் ஏற்கப்பட்ட வரையறை. 2019 மே 20 முதல் அது போய், 6.02214076 × 10²³ என்ற எண்ணே வரையறையாக நிலைத்துவிட்டது. பாடக் கணக்குகளின் விடை எதுவும் இதனால் மாறாது. இருந்தாலும் புதிய வரையறையே எனக்குப் பிடிக்கிறது. மோல் எண்ணிக்கையைக் குறிக்கிறது என்பதை அது சுற்றிவளைக்காமல் சொல்கிறது.

மே 21

இன்று முழுவதும் இரும்பு ஆக்சைடுகள். எளிய விகித வாய்ப்பாட்டை, அதாவது ஒரு சேர்மத்தில் அணுக்கள் எந்த மிகச்சிறிய முழு எண் விகிதத்தில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கப் பழக இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

முதல் சேர்மத்தில் நிறைப்படி இரும்பு 70 சதவீதம், ஆக்சிஜன் 30 சதவீதம். 100 கிராம் எடுத்துக்கொண்டால் சதவீதம் அப்படியே கிராமாகிவிடும். இரும்பு 70 ÷ 55.85 = 1.253 மோல். ஆக்சிஜன் 30 ÷ 16 = 1.875 மோல். சிறிய எண்ணால் இரண்டையும் வகுத்தால் 1 : 1.496 வருகிறது. இங்கே பலரும் 1.5ஐ 2 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஓர் இரும்புக்கு இரண்டு ஆக்சிஜன் என்றாகும். அதில் இரும்பு 64 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். கொடுத்த 70 எங்கே, இது எங்கே? 1.5 என்பது மூன்றில் பாதி. இரண்டு பக்கத்தையும் 2ஆல் பெருக்கினால் 2 : 3. இது ஹெமடைட்.

அடுத்த சேர்மத்தில் இரும்பு 72.4, ஆக்சிஜன் 27.6. மோலில் 1.296, 1.725. விகிதம் 1 : 1.33. இதை 3ஆல் பெருக்கவேண்டும். 3 : 4 கிடைக்கிறது. காந்தம் இழுக்கும் மேக்னடைட் இதுதான். இரும்பின் அளவில் வேறுபாடு இரண்டரை சதவீதம்கூட இல்லை. பொருளோ வேறு, நிறம் வேறு, குணம் வேறு. தசமத்துக்குப் பின்னால் இருப்பதை அவசரப்பட்டு முழு எண்ணாக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினாலே போதும். .5 வந்தால் 2ஆல், .33 அல்லது .67 வந்தால் 3ஆல், .25 அல்லது .75 வந்தால் 4ஆல் பெருக்கவேண்டும். 1.02 போல வந்தால் மட்டும் 1 என்று கொள்ளலாம்.

மே 23

"அணு நிறை அட்டவணையே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?" என்று இன்று கேட்டாள். அருமையான கேள்வி.

நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜனின் அணு நிறை 8 என்று கொண்டால் விகிதம் 1 : 1, 16 என்று கொண்டால் 2 : 1. தராசு இரண்டையும் ஒப்புக்கொள்ளும். அணுக் கொள்கையை முன்வைத்த டால்டன் 1 : 1 என்றே கொண்டார். முடிச்சை அவிழ்த்தது பருமன். இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி உண்டாகிறது. ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்தே ஆகவேண்டும். நீரின் வாய்ப்பாடும் தெளிவாகிவிடுகிறது. அவர் 1856இல் மறைந்தார். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அந்தக் கருத்தை எடுத்துவைத்த பிறகுதான் வேதியியலாளர்கள் பலர் அதன்பக்கம் திரும்பினார்கள். அவர் காலத்திலேயே அது நடந்திருக்கக் கூடாதா என்று மனம் கேட்கிறது.

மே 24

மயில்துத்தம், அதாவது படிகத்துக்குள் நீரையும் வைத்திருக்கும் தாமிர சல்பேட். நீலப் படிகம் 2.50 கிராம், சூடாக்கி நீரை முழுவதும் வெளியேற்றிய பின் வெண்தூள் 1.60 கிராம். போன நீர் 0.90 கிராம். நீர் போன தாமிர சல்பேட்டின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 159.6 கிராம், நீருக்கு 18. மோலில் 0.01, 0.05. ஆக, ஒன்றுக்கு ஐந்து படிகநீர். வழி, இரும்புக் கணக்கில் போன அதே வழிதான். அவளே ஒரே மூச்சில் முடித்தாள்.

மே 27

வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள். 28 கிராம் நைட்ரஜன், 5 கிராம் ஹைட்ரஜன். எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்து இரண்டு அம்மோனியா.

கிராமில் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே விடையும் தற்செயலாக அப்படியே அமைகிறது, அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும்: ஹைட்ரஜன் 7 கிராம் இருந்தால், அப்போதும் கிராமில் அதுவே குறைவு, ஆனால் தீர்வது நைட்ரஜன்.

இரண்டு வாயுக்களிலும் மூலக்கூறுக்கு இரண்டு அணுக்கள், அதனால் ஒரு மோல் ஹைட்ரஜன் 2 கிராம், ஒரு மோல் நைட்ரஜன் 28 கிராம். 5 கிராம் ஹைட்ரஜன் 2.5 மோல், நைட்ரஜன் 1 மோல். அந்த ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இல்லை. எனவே ஹைட்ரஜனை வைத்துத்தான் மேற்கொண்டு கணக்கு. அம்மோனியா 2.5 × 2 ÷ 3 = 1.67 மோல், மோலுக்கு 17 கிராம் வீதம் 28.3 கிராம். செலவான நைட்ரஜன் 0.833 மோல், 23.3 கிராம், மிச்சம் 4.7 கிராம்.

விடை வந்ததும் பேனாவை மூடப்போனாள். கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 28.3உம் 4.7உம் சேர்ந்து 33. தொடக்கத்தில் இருந்த 28உம் 5உம் அதே 33. நாளைக்கு 7 கிராம் ஹைட்ரஜனை வைத்து இதே கணக்கு.