உண்மையில் எத்தனை பேர்?

எங்காவது நிலம் நடுங்கினால், மலை சரிந்தால், அணை உடைந்தால் அன்று ராத்திரி என் சித்தப்பா மகன் போன் செய்வான். நான் நாளிதழ் டெஸ்க்கில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் ஏதோ ரகசியக் கணக்கு இருப்பதாக அவனுக்கு ஒரு நம்பிக்கை. "அண்ணா, பேப்பர்ல எப்பவும் கம்மி பண்ணித்தானே போடுவீங்க? உண்மையில எத்தனை பேர்?" 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது கேட்டான். அதே வருஷம் செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்தின் ஒரு பகுதியை வெள்ளம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனபோதும் கேட்டான்.

அரசாங்கங்கள் மறைப்பதே இல்லை என்று நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் மறைப்பதற்குக்கூட யாரிடமும் எண் இருக்காது. எண்ண வேண்டிய ஊழியரின் வீடும் இடிந்திருக்கும், ஆஸ்பத்திரிப் பதிவேடு சேற்றுக்குள் கிடக்கும், ரோடு இருக்காது, டவர் இருக்காது. அந்த நேரத்தில் வெளியே வருவது பெரும்பாலும் ஒரு மேயர், ஒரு மருத்துவர், ஒரு ராணுவ அதிகாரி என்று ஆளாளுக்குத் தன் கண்ணில் பட்டதை வைத்துச் சொல்லும் மதிப்பீடு. டெர்னாவில் இறந்தவர்கள் 11,300 பேர் என்று ஐ.நா. அலுவலகம் ஒன்று முதலில் அறிக்கை வெளியிட்டது. பிறகு அதையே 3,958 என்று திருத்தியது. காணாமல் போனவர்கள் 9,000 பேருக்கு மேல் என்பதும் அதே திருத்தத்தில் இருந்தது. தலைப்பு 'பலி குறைந்தது' என்று போடுவதா?

அந்தத் தலைப்பை எந்த டெஸ்க்கும் விரும்பிப் போடாது. எங்களுக்குப் பழகியது 'பலி எண்ணிக்கை உயர்வு' மட்டும்தான். டவுன் எடிஷனுக்கு ஒரு எண், சிட்டி எடிஷனுக்கு ஒரு எண். ராத்திரி பதினோரு மணிக்குப் புதுப் பையன் ஓடி வருவான்: "சார், ஏஜென்சி நாற்பதுங்கிறான், டிவி எழுபதுங்கிறான், எதை வைக்கட்டும்?" குறைந்ததைத் தலைப்பில் வை, மற்றதை 'அஞ்சப்படுகிறது' என்று உள்ளே வை. எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த வழி அதுதான். ஆனால் பக்கத்துப் பேப்பர் எழுபது போட்டுவிட்டால் மறுநாள் மீட்டிங்கில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எண் பெரிதாக இருந்தால் செய்தி பெரிது. இது எந்த மொழிப் பத்திரிகையிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் தீயில் அழிந்தபோது 115 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் அது 97 ஆனது. எரிந்த எலும்புத் துண்டுகளை டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தபோது, தனித்தனி ஆட்கள் என்று நினைத்தவை சில ஒரே ஆளுடையவையாக இருந்தன. அப்புறம் அந்த எண் 102-க்கு ஏறியது. ஊரைப் பொசுக்க அந்தத் தீக்கு ஒரே நாள் போதுமாயிருந்தது. எண்ணி முடிக்க அதைவிட எத்தனையோ மடங்கு நாள் ஆனது.

எண்ணுவதற்கு முதலில் உடல் வேண்டும், அந்த உடலுக்கு ஒரு பெயர் வேண்டும். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை நான் டூட்டியில் இருந்தேன். ஞாயிறு என்பதால் டெஸ்க்கில் ஆளே குறைவு. அன்றைக்கு எங்கள் கடலோரச் செய்தியாளர்கள் போனில் சொன்னவற்றில் எனக்கு இன்னும் உறுத்துவது, எவ்வளவு வேகமாகக் குழி தோண்டினார்கள் என்பதுதான். உடல்கள் கிடந்தால் கொள்ளைநோய் வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். ஜேசிபி வைத்துத் தோண்டி, மொத்தமாகப் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி மூடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. அடிபட்டோ மூழ்கியோ இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை. ஆபத்து இருப்பது பிழைத்தவர்களின் குடிநீரிலும் கழிப்பிடத்திலும். சுனாமிக்குப் பிறகு, 2006-இல், இதற்கென்றே ஒரு கையேடு போட்டார்கள். அதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு உடலுக்கும் ஒரு எண் கட்டு, முகம் சிதைவதற்குள் போட்டோ எடு, உடையையும் நகையையும் எழுதி வை, பிறகு எடுத்துப் பார்க்கும்படி வரிசையாகப் புதை. ஒரு கேமராவும் நோட்டும் பேனாவும் இருந்தால் செய்யக்கூடிய வேலை. அதைச் செய்யாமல் மூடிய ஒவ்வொரு குழியும் சில குடும்பங்களை 'காணவில்லை' என்ற பட்டியலில் நிரந்தரமாக நிறுத்திவிட்டது.

எங்கள் அலுவலகத்தின் வரிவிளம்பரப் பிரிவுக்கு அந்த வாரம் ஒருவர் வந்தார். கையில் ஒரு கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கும் பெண் குழந்தையைக் காட்டி, இவளைக் காணவில்லை என்று போட வேண்டும் என்றார். முகம் நகக்கண் அளவுதான். வெட்டிப் பெரிதாக்கினால் வெறும் புள்ளி புள்ளியாக வரும் என்று ஆர்ட்டிஸ்ட் சொல்லிப் பார்த்தார். பரவாயில்லை, அவள் அம்மாவுக்குத் தெரியும் என்றார். (அம்மா எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.) விளம்பரத்துக்குக் காசு வாங்க வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த மனிதர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை: 'கண்ணீர் அஞ்சலி' விளம்பரங்கள் இருக்கும் பக்கத்தில் போடக் கூடாது. அந்த வாரம் அஞ்சலி இல்லாத பக்கம் தேடுவது சுலபமாக இல்லை. விளையாட்டுப் பக்கத்தில் போட்டோம்.

சுனாமியில் இந்தியாவில் இறந்தவர்கள் 10,749 பேர் என்பது அரசுக் கணக்கு. அதற்கு அடுத்த வரியில் காணாமல் போனவர்கள் 5,640 பேர் என்று இருக்கும். அந்த இரண்டாவது வரியில் பெரும்பாலோர் அந்தமான் நிக்கோபார் தீவுக்காரர்கள். அங்கே செத்தவர்களைவிடக் காணாமல் போனவர்கள்தான் பல மடங்கு. ஆனாலும் நினைவு நாள் கட்டுரைகளில் முதல் எண்தான் வரும்.

காணாமல் போவது சட்டத்துக்கும் ஒரு தலைவலி. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது நம் நாட்டில் பொது விதி. அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸ் இல்லை, பட்டா மாற்ற முடியாது, பேங்க் கணக்கைத் தொட முடியாது. அதனால்தான் 2013 உத்தரகண்ட் வெள்ளத்துக்குப் பிறகு அரசு ஏழு ஆண்டு காத்திருக்காமல் தனி நடைமுறை கொண்டுவந்தது; ஒரு மாதத்தில் 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். நிவாரணப் பணத்துக்காகக் கையெழுத்துப் போடும்போது, தன் பிள்ளை செத்துவிட்டான் என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஒரு தாய்க்குத் தோன்றுமா தோன்றாதா? இதற்கு எந்த அரசாணையிலும் வழி இல்லை.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் அது வாய் திறக்கும். சுனாமி முடிந்த சில மாதங்களில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. கடலூரில் இறந்தவர்களில் ஆண்கள் 146, பெண்கள் 391. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. படகில் போன ஆண்களுக்கு நடுக்கடலில் அலை பெரிதாகத் தெரியவே இல்லை. மீன் வாங்கி விற்கப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள், பிள்ளைகளைத் தூக்க வீட்டுக்கு ஓடினார்கள், பலருக்கு நீச்சல் தெரியாது. இந்தோனேசியாவில் சுமத்ராவின் ஆச்சே பக்கத்துக் கிராமங்களிலும் பெண்கள்தான் அதிகம் செத்தார்கள். பதினான்கு நாடுகளில் 2,27,000-க்கும் மேற்பட்டோர் என்ற மொத்தக் கணக்கில் இது எதுவும் தெரியாது. அதைக் கேட்டு 'ஐயோ' என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அப்புறம், சாவு அன்றோடு நிற்பதில்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. அரசு சொன்ன எண்ணிக்கை 64. பல மாதங்களுக்கு அது 64-லேயே நின்றது. காற்று அடித்ததில் செத்தவர்கள் அவ்வளவுதான் என்பது வாதம். ஆனால் கரன்ட் மாதக்கணக்கில் இல்லை. டயாலிசிஸ் இல்லை, ஆக்சிஜன் கருவி ஓடவில்லை, இன்சுலின் வைக்க ஃப்ரிட்ஜ் இல்லை. 2018 ஜூனில் மக்கள் தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்துக்கு முன்னால் செத்துப்போன தங்கள் ஆட்களின் செருப்புகளையும் ஷூக்களையும் கொண்டுவந்து ஜோடி ஜோடியாக வைத்தார்கள். ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2,975 என்று மதிப்பிட்டது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து. உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பேப்பர் அதை முதல் பக்கத்தில் போட்டிருக்கும்?

படிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. செய்தி வந்த முதல் வாரம் ஜனங்கள் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய துணி உட்பட. சுனாமிக்கு வந்த பழைய துணி மூட்டைகள் தொட ஆளில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. உழைத்துச் சம்பாதித்து வாழ்ந்த மீனவர்களுக்கு யாரோ போட்டுக் கழித்த சட்டை எதற்கு? ஆனாலும் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே, அது பொய்யில்லை. எனக்கு எரிச்சல் வருவது வேறு ஆட்கள் மேல். மூன்றாம் நாளே 'அந்த ஊர்க்காரர்கள் செய்த பாவம்' என்று எழுதுகிறவர்கள். அப்புறம், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் 'இப்ப எவ்வளவு?' என்று கேட்கிறவர்கள். இரண்டாவது வகையில் என் தம்பியும் உண்டு; அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

டெஸ்க்காரனாக நான் பொறாமைப்படுவது ஜப்பானில் இஷினோமாக்கி ஹிபி ஷிம்புன் என்ற சின்ன மாலைப் பத்திரிகையைப் பார்த்துத்தான். 2011 மார்ச் 11 சுனாமியில் அச்சகம் முடங்கியது, மின்சாரம் இல்லை. மறுநாளிலிருந்து ஆறு நாளைக்குப் பெரிய தாளில் மார்க்கர் பேனாவால் கையால் எழுதி, நகலையும் கையாலேயே எழுதி முகாம்களில் ஒட்டினார்கள். சரியான தகவலை வைத்துச் செயல்படுங்கள் என்று முதல் தாளிலேயே எழுதினார்கள். எங்கே உதவி கிடைக்கும், எந்தப் பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. அதே நாட்களில் பக்கத்து மாகாணத்தின் இவாத்தே நிப்போ நாளிதழ், முகாம்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. பெயர் தேடுகிறவன் விரலை வைத்து வரி வரியாகப் படித்திருப்பான். படம் கிடையாது, தலைப்பில் பெரிய எண் கிடையாது.

எங்கள் பேப்பரில் அப்படி ஒரு பக்கம் அச்சாகி நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் எடிட்டர் மறுத்திருக்க மாட்டார். விளம்பரப் பிரிவிலிருந்து ஆள் வந்து, ஏழாம் பக்கத்தில் அரைப் பக்கம் புத்தாண்டு நகைக்கடை விளம்பரம் புக் ஆகிவிட்டது, மிச்சத்தில் எவ்வளவு பெயர் பிடிக்கும் என்று கேட்டிருப்பார்.